சிவப்பில் தொடங்கும் மஞ்சள் விளக்கு

போர்க்காலத்தில் மஹய்யாவையில் ஒரு மாடியறையில் வாடகைக்கு இருந்தேன். யாழ்ப்பாணத்து அடையாள அட்டையோடு கண்டியில் அறை கிடைப்பதே பெரும்பாடு. என் பெயரைப் பொலிஸில் பதிந்த நாளிலிருந்து வீட்டுக்கார அக்கா என்மேல் ஒரு கண் வைத்திருந்தார். நான் மட்டும் குறைந்தவனா? அவர் வாய் திறந்தால் நான் உள்ளே. அதனால் அவர்மேல் நான் இரண்டு கண்ணும் வைத்திருந்தேன்.

மழை விட்டால் ஈசல் வந்து என் சோற்றுக் கோப்பையில்தான் விழும். சோடியம் விளக்கின் மஞ்சள் வெளிச்சத்துக்கு ஈசல் அவ்வளவாக வராது என்று அலுவலகத்தில் ஒருவர் சொன்னார். பழைய இரும்புக் கடையில் தெருவிளக்கிலிருந்து கழற்றிய சின்னச் சோடியம் பல்ப் ஒன்று அகப்பட்டது. அதற்கு மின்சாரத்தை அளந்து கொடுக்கும் சோக்தான் எங்கும் இல்லை. டியூப் லைட்டின் எலக்ட்ரோனிக் சோக்கில் கொளுத்திப் பார்த்தால் என்ன என்று எனக்குப் பைத்தியம் பிடித்தது.

அந்தச் சோக்கிலிருந்து டியூப்பின் இரண்டு முனைக்கும் இரண்டிரண்டு வயர் போகும். ஒவ்வொரு சோடி வயரையும் முறுக்கி ஒன்றாக்கி, பல்பில் கொடுத்தேன். முதலில் வாங்கிய நல்ல சோக் முரண்டு பிடித்தது. மறுமுனையில் டியூப்பின் இழை இருக்கிறதா என்று சோதித்த பிறகுதான் அது வேலை செய்யுமாம். “அட சனியனே, உனக்குமா சந்தேகம்?” என்று திட்டிவிட்டு மலிவான ஒன்றை வாங்கிவந்தேன். அது எதையும் விசாரிக்காமல் பல்பை எரியவைத்தது.

எரிந்ததும் முதலில் நல்ல சிவப்பு. சோறு கொதிக்கிற நேரம் போய், உள்ளேயிருக்கும் சோடியம் சூடேறினால்தான் மஞ்சள் வரும். என் ஒரே ஜன்னல் அக்கா சமைக்கும் குசினியைப் பார்த்தபடி இருந்தது. மற்றப் பக்கமெல்லாம் மண்மேடு.

“என்னா தம்பி, ரூமுல செவப்பா எரியுது?” என்று படியடியில் மறித்துக் கேட்டார்.

“ஒண்டுமில்லை அக்கா, ஈசலுக்கு.”

ஈசலுக்குச் சிவப்பு விளக்கா என்று அவர் முகம் கேட்டது. அன்றே நான் உடுக்கும் சாரத்தை ஜன்னலில் தொங்கவிட்டேன். மெல்லிய துணி, வெளிச்சம் ஊடே தெரிந்தது. மடையன் வேலை. திரை போட்டவன் எதையோ மறைக்கிறான் என்றல்லவா ஆகும்!

அடுத்த கிழமை ஒரு பின்னேரம் பொலிஸ் வந்தது. ஒரு அதிகாரி, துவக்கோடு இரண்டு பேர், அவர்களுக்குப் பின்னால் அக்கா. அதிகாரி சிங்களத்தில் சிவப்பு விளக்கு எங்கே என்று கேட்டார். மேசையில் வயரும் பெட்டியுமாகக் கிடந்ததைக் கண்டதும் துவக்குக்காரர்கள் பின்வாங்கினார்கள். இது குண்டில்லை, தெருவிளக்கு, மஞ்சளாகத்தான் எரியும் என்று எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் உளறினேன். கொளுத்து என்றார்.

கொளுத்தினேன். சிவப்பு.

“மஞ்சள் என்றாயே?” என்றார் அதிகாரி. ஒருவன் என் தோளைப் பிடித்துவிட்டான். கொண்டுபோனால் எப்போது விடுவார்கள், விடுவார்களா என்றே தெரியாத காலம் அது.

அப்போது அக்கா முன்னால் வந்தார். சிங்களம் அவருக்குத் தண்ணீர் பட்டபாடு. கொஞ்சம் பொறுங்கள் சேர், முதலில் இப்படித்தான் இருக்கும், சோறு கொதித்து வர மஞ்சளாகிவிடும், நான் ஒவ்வொரு நாளும் பார்க்கிறேன் என்றார். எல்லோரும் நின்றோம். நிற்க நிற்க, சிவப்பு செம்மஞ்சளாகி, செம்மஞ்சள் மஞ்சளானது. அந்த வெளிச்சத்தில் வேறு நிறம் எடுபடாது; அதிகாரியின் காக்கியும் அக்காவின் பச்சைச் சேலையும் ஒரே சாம்பல் நிறமாகத் தெரிந்தன. அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சோக்கை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டு போனார்கள்.

உயிர் வந்தது. கதிரையில் சாய்ந்து யோசித்தேன். மஞ்சள் விளக்கைப் பற்றி அவர்கள் கேட்கவேயில்லையே? சிவப்பு என்றுதானே கேட்டுக்கொண்டு வந்தார்கள். கொளுத்திய உடனே பார்த்தவருக்குத்தான் அந்தச் சிவப்பு தெரியும். என் ஜன்னலோ ஒரே ஒரு குசினிக்குத்தான் தெரியும்.

கோபம் தலைக்கேறிப் படியிறங்கினேன். அக்கா தேத்தண்ணீரை நீட்டினார். நான் கேட்குமுன் அவரே சொன்னார்.

“கலவரத்துல ஒருவாட்டி எங்க வீடு எரிஞ்சதப் பாத்தவ தம்பி நானு. ஒங்க ரூமுல ஏதும் வெடிச்சா, ரெண்டு பொம்பளப் புள்ளைங்கள வச்சிக்கிட்டு மறுபடி எங்க ஓடுவேன்?”

ஏசுவதற்கென்று இறங்கி வந்தவன் “ஓம் அக்கா” என்று மட்டும் சொன்னேன். தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு மேலே போய், ஜன்னலில் கட்டியிருந்த சாரத்தை அவிழ்த்து மடித்து வைத்தேன். அதன்பிறகு அந்த அறையில் இருந்தவரை ஜன்னலுக்குத் திரை போடவேயில்லை.