அணுகுண்டுச் செடிகளும் ஹமீது சாரும்

சூலக்கரையில் ஆட்சியர் அலுவலக வரிசையில் நின்றபோது குறுஞ்செய்தி வந்தது. வாப்பா காலையில் காலமானார்கள் என்று ஹமீது சாரின் மகள் அனுப்பியிருந்தார். விருதுநகர்க் கல்லூரித் தாவரவியல் துறையில் சார் எனக்குப் பதினாறு ஆண்டுகள் பக்கத்து மேசை. மிளகாய் வத்தல் மண்டிக் குடும்பத்தில் பிறந்து ஆர்க்கிட் வளர்த்தவர்.

இந்த வெயிலில் ஆர்க்கிடா என்று ஊரே கேட்டது, நானும் கேட்டேன். "வெயில் நமக்குத்தானே மேடம், செடி நிழல்வலைக்குள்ள இருக்கு" என்பார்.

இந்த நூற்றாண்டு பிறந்த புதிதில், நெட்டை இலை ஆர்க்கிட் ஒன்றையும் குட்டை இலை ஆர்க்கிட் ஒன்றையும் கலந்து கன்றுகள் எடுத்தார். இலை நீளத்தையும் செடியின் உருவத்தையும் மரபணுத் தொகுதியின் எந்த இடம் தீர்மானிக்கிறது என்று வரைபடம் போட வேண்டும். ஓய்வு பெறுமுன் அவர் முடிக்க விரும்பிய ஒரே வேலை அது.

செடிகளில் கட்ட, நனைந்தாலும் கிழியாத அட்டை தேவைப்பட்டது. சிவகாசியில் அச்சகம் வைத்திருந்த அவருடைய மச்சான் மிச்ச அட்டைகளைக் கொடுத்தார். கன்றிலேயே குட்டையாகத் தெரிந்தவற்றுக்கு அணுகுண்டு வெடிப் படம், மற்றவற்றுக்குக் காலண்டர் தாமரை. எண் பின்பக்கம். அளக்குமுன் பிரிப்பது தவறு என்றேன். "பாக்க அம்சமா இருக்குல்லா" என்றார்.

இரண்டு ஆண்டு கழித்து, வரைபடத்தில் ஒரே இடத்தில் மலைபோல் உச்சி எழுந்தது, இலை நீளத்தைத் தீர்மானிக்கும் இடம் அதுதான் என்பதுபோல். துறைக்கே சாத்தூர்ச் சேவு வாங்கினார். நான் சேவைக் கொறித்தபடி அளவுப் பட்டியலைப் பார்த்தேன். நடுத்தர நீளத்தில் ஓர் இலைகூடவா இல்லை?

தண்ணீர் ஊற்றும் முத்துமாரி அக்காவிடம் கேட்டோம். தாமரைக்கு நிறைய, அணுகுண்டுக்குப் பேருக்கு ஒரு தெளிப்பு.

"ஏழு வருசம் பட்டாசு பயராபீஸ்ல வெடி சுத்துனவ சார். அந்தப் படத்தப் பாத்தா தண்ணி ஊத்தக் கை வரமாட்டேங்கு."

கட்டுரை தயாராக மேசையில் கிடந்தது. விஷயம் எங்கள் மூவருக்கு மட்டுமே தெரியும். நான் சாரின் முகத்தையே பார்த்தேன். அவர் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"நாம மேப் போட்டது செடிய இல்ல மேடம், முத்துமாரியோட பயத்தை."

கட்டுரையைக் கிழித்தார். அக்காவை மாற்றவில்லை, எண் மட்டும் வெளியே தெரியும்படி அட்டைகளைத் திருப்பிக் கட்டினார். மேலும் இரண்டு ஆண்டுகள் புது இலைகளை அளந்தோம். உச்சி சிறு மேடாகத்தான் வந்தது. ஓய்வு பெற்ற வாரம் அதையே கட்டுரையாக்கி ஆய்விதழுக்கு அனுப்பினார், முத்துமாரிக்கு நன்றியோடு.

நேற்று அக்காவும் நானும் அவர் வீட்டுக்குப் போனோம். வாசலில் ஒரு குட்டை ஆர்க்கிட் வாடிக்கிடந்தது. அட்டை காற்றில் புரண்டு அணுகுண்டைக் காட்டியது. அக்கா அதைத் திருப்பவில்லை. படத்தைப் பார்த்தபடியே செம்பு காலியாகும்வரை ஊற்றினார்.

செடி நனைந்துவிட்டது, சார். நிம்மதியாக இருங்கள்.