பிராக்கெட்டைத்தான் வெட்டினேன்

1. கல்யாணத்துக்குப் பிறகு ஜாதகம்

"ஜெசிந்தா, அந்தச் சிவப்பைக் கொஞ்சம் எடுத்துடும்மா."

என் மேனேஜர் சுந்தர் சார் இதைச் சொன்ன தோரணையைப் பார்த்தால், சாம்பாரில் கிடக்கும் மிளகாயை எடுத்துப் போடச் சொல்கிறார் என்றுதான் நினைப்பீர்கள். சிவப்பு இருந்தது என் கம்ப்யூட்டர் திரையில். ஸ்கூட்டரில் பின்னால் உட்காருபவர் கால் வைக்கும் ஃபுட்ரெஸ்டைத் தாங்குகிற அலுமினிய பிராக்கெட் அது. அதன் போல்ட் துளைக்குப் பின்பக்கம், பலத்துக்காக வைக்கும் ரிப் என்ற மேட்டுப் பட்டை வந்து சேரும் தடித்த மூலையில், சிவப்பாக ஒரு திட்டு.

தாம்பரம் பக்கம் ஒரு தொழிற்பேட்டையில் இருந்த டை காஸ்டிங் கம்பெனி எங்களுடையது. உருகிய அலுமினியத்தை அழுத்தத்தோடு இரும்பு அச்சுக்குள் செலுத்தி பாகங்கள் செய்வோம். அந்த அச்சுக்குப் பெயர் டை. உலோகம் டைக்குள் எப்படி ஓடும், எந்த இடம் முதலில் உறையும், எந்த இடம் கடைசியில் உறையும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுப் படமாகக் காட்டுவது என் வேலை. கடைசியில் உறைகிற இடம் சுருங்கும்போது அதற்கு உலோகம் கொடுக்க அக்கம்பக்கத்தில் ஆள் இருக்காது. அங்கே பொத்தல் விழும். படத்தில் அந்த இடம் சிவப்பாகத் தெரியும்.

முறைப்படி சிமுலேஷன் என்ற இந்தக் கணக்கை முதலில் செய்ய வேண்டும், பிறகுதான் டை வெட்ட வேண்டும். எங்கள் கம்பெனியில் எல்லாம் தலைகீழ். டையை வெட்டி, மெஷினில் ஏற்றத் தயாராக வைத்துவிட்டு, கஸ்டமர் ஃபைலில் சேர்க்க ஒரு சிமுலேஷன் ரிப்போர்ட் வேண்டும் என்று என்னிடம் வருவார்கள். கல்யாணத்தை முடித்துவிட்டு ஜாதகம் பார்க்கிற கதைதான். பொருத்தம் இல்லை என்று ஜோசியர் சொன்னால் யாருக்குப் பிடிக்கும்?

"எடுக்கிறதுன்னா எப்படி சார்?" என்று கேட்டேன். எனக்குத் தெரியும். அவர் வாயால் வரட்டும் என்றுதான் கேட்டேன்.

"லெஜண்டை மாத்து. ஸ்கேலைக் கொஞ்சம் ஏத்தினா சிவப்பு மஞ்சளாயிடும். கஸ்டமர் கலரைத்தான் பாப்பாங்க, நம்பரை யாரு பாக்கிறா?"

படத்தின் ஓரத்தில் எந்த நிறத்துக்கு எந்த அளவு என்று காட்டும் பட்டைதான் லெஜண்ட். சிவப்பின் எல்லையை உயர்த்திவிட்டால் அதே பொத்தல் இளமஞ்சளாகி, பார்க்கவே குளுகுளு என்று இருக்கும். பாஸ் மார்க்கைக் குறைத்து பெயிலான பையனைத் தேற்றுகிற வித்தை. எங்கள் தொழிலில் இது ஊரறிந்த ரகசியம். இந்தப் படத்தை ப்ளாட் என்போம், பல இடங்களில் இதற்கு 'ப்ளாட்டை அழகாக்குவது' என்று பெயரே உண்டு.

முடியாது என்றேன். டையில் அந்த மூலைக்குப் பக்கத்தில் தண்ணீர் ஓடிக் குளிர வைக்கும் ஒரு கூலிங் லைன் போடலாம், ரிப்பின் அடியைக் கொஞ்சம் மெலிதாக்கலாம் என்று வழியும் சொன்னேன். டையைத் தொட்டால் டெலிவரி தள்ளிப்போகும் என்றார் அவர்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நான் கான்ட்ராக்டில் இருந்தவள். குழந்தை பிறந்து சில வருடம் வீட்டில் இருந்துவிட்டு, 'டச் விட்டுப் போச்சும்மா' என்று பல பேர் கைவிரித்த பிறகு கிடைத்த வேலை இது. கான்ட்ராக்டைப் புதுப்பிக்கும் கையெழுத்தும் சுந்தர் சாருடையதுதான். வீட்டில் எல்லோரும் பேசாமல் சிறுசேரிக்குப் போய் ஏதாவது சாஃப்ட்வேர் வேலை தேடு என்றார்கள். எனக்கு உலோகம் பிடிக்கும். அதனால்தான் அந்த வேலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன்.

2. நட்டநடுவில் ஒரு வெட்டு

ரிப்போர்ட் கஸ்டமருக்குப் போனது. அதன் நகல் என் மெயிலுக்கும் வந்தது. திறந்து பார்த்தால் படம் இளமஞ்சள். சாரே உட்கார்ந்து ஸ்கேலை மாற்றியிருக்கிறார். கீழே 'தயாரித்தவர்' என்ற இடத்தில் என் பெயர். சிமுலேஷன் சாஃப்ட்வேரில் சர்டிஃபிகேட் வைத்திருந்தது கம்பெனியில் நான் ஒருத்திதான். அதனால் என் பெயர் தேவைப்பட்டது, என் படம்தான் தேவைப்படவில்லை.

எனக்கு வந்த கோபத்தில் காது சூடாகிவிட்டது. என் பெயரை எடுங்கள் அல்லது என் படத்தைப் போடுங்கள் என்று அவருக்கு மட்டும் மெயில் போட்டேன். பதில் இல்லை. நேரில் போய்க் கேட்டேன். "டிரயல் வரட்டும், பார்க்கலாம்" என்றார்.

டையை மெஷினில் ஏற்றி டிரயல் ஓட்டினார்கள். முதல் பாகங்களை டூல் ரூமில் அறுத்துப் பார்த்தார்கள். உள்ளே வெள்ளைவெளேர் என்று சுத்தமாக இருந்தது. ஒரு ஊசிமுனைப் பொத்தல்கூட இல்லை. அறுத்த துண்டை பாலிஷ் போட்டு என் மேஜையிலேயே கொண்டுவந்து வைத்தார் சுந்தர் சார். கம்ப்யூட்டர் பொம்மை பார்த்துப் பயப்படுகிறவர்கள் ஃபவுண்டரிக்கு வரக் கூடாது என்று சுற்றி இருந்தவர்களுக்குக் கேட்கும்படி சொன்னார். இரண்டு பேர் சிரித்தார்கள்.

துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். துளையின் நட்டநடுவில் வெட்டியிருந்தார்கள். அங்கே எப்படிப் பொத்தல் இருக்கும்? துளை உண்டாவதற்காக டைக்குள் ஒரு இரும்புப் பின் நிற்கிறது. அது பக்கத்திலிருக்கும் உலோகத்தைச் சட்டென்று குளிர வைத்துவிடும். பாகம் முழுவதிலும் நல்ல இடம் அதுதான். என் சிவப்பு இருந்தது பின்பக்கம், வெட்டு தொடாத மூலையில்.

அறுக்கும் மெஷினைப் பார்த்துக்கொள்ளும் செல்வம் அண்ணனிடம் போய், இன்னொரு பாகத்தை நான் சொல்கிற இடத்தில் வெட்டித் தரச் சொன்னேன்.

"இன்னாம்மா நீ, டிராயிங்ல வெட்டுற செக்ஷன் கோடு இங்கதான் போட்டுகீது. எந்தப் பார்ட் வந்தாலும் இப்டித்தான் வெட்டுவோம். சார் சொல்லாம வேற எடத்துல வெட்டினா என் தலைய வெட்டிடுவாரு. அவராண்ட சொல்லிக்கினு வா, உடனே போட்டுத் தரேன்."

அவர் சொன்னதில் தப்பில்லை. டிராயிங் ஆபீஸில் யாரோ வசதிக்காகப் போட்ட கோடு. அந்தக் கோட்டிலேயே வருடக்கணக்கில் வெட்டி, வருடக்கணக்கில் ஓகே போட்டிருக்கிறார்கள். சாரிடம் கேட்டேன். டிராயிங்கில் இல்லாத இடத்தில் எதற்கு வெட்ட வேண்டும் என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

3. யார் கால் வைப்பது

கஸ்டமரான ஸ்கூட்டர் கம்பெனியில் குவாலிட்டி பார்க்கும் லலிதா மேடம் ரிவ்யூவுக்கு வந்தார். மேஜையில் டிரயல் பாகங்களை வரிசையாக அடுக்கி வைத்திருந்தோம். திரையில் இளமஞ்சள் படம். மேடம் சுத்தமான துண்டைப் பார்த்துத் தலையாட்டினார். சிமுலேஷன் யார் செய்தது என்று கேட்டார். சுந்தர் சார் பெருமையாக என்னைக் காட்டினார்.

"உங்களுக்கு ஓகேதானே?" என்றார் மேடம். சம்பிரதாயமான கேள்விதான். ஆமாம் என்று சொல்லிவிட்டால் டீ வந்திருக்கும்.

எழுந்து நின்றேன். பயம் இருந்தது, மறைக்க மாட்டேன். ஆனால் பயத்தைவிடக் கோபம் ஒரு பிடி அதிகமாக இருந்தது.

"இது என் படம் இல்ல மேடம். என் படத்துல துளைக்குப் பின்னாடி சிவப்பா இருந்துது. என் கணக்கு தப்பாவும் இருக்கலாம். இதுல ஏதாவது ஒரு பார்ட்டை நீங்களே எடுங்க. நான் கோடு போடுற இடத்துல வெட்டச் சொல்லுங்க. உள்ள ஒண்ணும் இல்லன்னா தப்பு என்னுதுன்னு இங்கயே ஒத்துக்கிறேன்."

சுந்தர் சார் எதையோ சொல்ல வாயெடுத்தார். மேடம் அதற்குள் ஒரு பாகத்தைக் கையில் எடுத்துவிட்டார். மார்க்கரால் கோடு போட்டுக் கொடுத்தேன். எல்லோரும் டூல் ரூமுக்கு நடந்தோம். செல்வம் அண்ணன் என்னைப் பார்த்தார், சாரைப் பார்த்தார், பிறகு மேடத்தைப் பார்த்துவிட்டு மெஷினைப் போட்டார். பிளேடு உள்ளே இறங்கிய நேரம் முழுக்க நான் வேண்டிக்கொண்டேன். பொத்தல் இருக்க வேண்டும் என்றா, இருக்கக் கூடாது என்றா என்று கேட்டால் இன்றும் எனக்குத் தெரியாது.

இருந்தது. ஒரு உளுந்து உட்காரும் அளவுக்குக் குழி. அதை ஒட்டிச் சின்னச் சின்னதாக ஒரு வரிசை. மேடம் தன் துப்பட்டாவில் குத்தியிருந்த ஊக்கை எடுத்து உள்ளே விட்டார். முனை முழுசாக மறைந்தது.

"இதுல யார் கால் வைக்கிறது?" என்று கேட்டார்.

கைக்குழந்தையோடு பின்னால் உட்கார்ந்து போகும் பெண்கள்தான் என் நினைவுக்கு வந்தார்கள். வேளச்சேரி ரோட்டில் பள்ளத்துக்குப் பள்ளம் அவர்கள் முழு பாரமும் அந்தக் காலில்தான் இறங்கும்.

டை திருத்தத்துக்குத் திரும்பப் போனது. கூலிங் லைன் போட்டார்கள், ரிப் மெலிந்தது. நான் மறுபடி கணக்குப் போட்டேன். மறுபடி வெட்டினோம், இந்த முறை என் கோட்டில். சுத்தமாக வந்தது. டிராயிங்கில் இப்போது இரண்டாவது செக்ஷன் ஒன்று இருக்கிறது.

4. சொந்தக் காரணம்

"கஸ்டமர் முன்னாடி என்னை அசிங்கப்படுத்திட்ட இல்ல" என்றார் சுந்தர் சார், தன் அறைக்குக் கூப்பிட்டு.

"நான் பிராக்கெட்டைத்தான் சார் வெட்டினேன்."

கான்ட்ராக்ட் புதுப்பிக்கப்படவில்லை. ஹெச்.ஆரில், சொந்தக் காரணங்களுக்காக விலகுவதாக ஒரு வரி எழுதிக் கொடுத்தால் எல்லோருக்கும் நல்லது என்றார்கள். எனக்குச் சொந்தக் காரணம் எதுவும் இல்லை, கம்பெனிக்கு ஒரு காரணம் இருக்கிறது, அதை நீங்களே எழுதுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். அனுபவச் சான்றிதழைத் தரவே இழுத்தடித்தார்கள்.

ராஜகீழ்ப்பாக்கத்தில் வீட்டுக்கு வந்து சொன்னபோது என் கணவர், "தனியா கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாமே" என்றார். தனியாகச் சொன்னதெல்லாம் மெயிலிலேயே கிடக்கிறது என்றேன். அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. வேலையில்லாத அந்த மாதங்கள் கசப்பானவை. வீரமாக இருந்தேன் என்று கதை விட மாட்டேன், பல நாள் அழுதேன். ஆனால் அன்று எழுந்து நின்ற நிமிடத்தை நினைத்து ஒருநாளும் அழவில்லை.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். உங்கள் சிமுலேஷன் தப்பாக இருக்கலாம். இருக்கட்டும். வெட்டிப் பார்த்துத் தப்பென்று தெரிந்தால் திருத்திக்கொள்ளலாம். நிறத்தை மாற்றி எடுத்த படத்தைத் திருத்தவே முடியாது, ஏனென்றால் அதில் தப்பு எங்கே என்று காட்டும் இடத்தையே அழித்துவிட்டீர்கள்.

அடுத்துப் போன இன்டர்வியூவில், முந்தைய வேலையை ஏன் விட்டீர்கள் என்று கேட்டார்கள். நடந்ததைச் சொன்னேன். "இங்கயும் இதே மாதிரி பண்ணுவீங்களா?" என்றார்கள். பண்ணுவேன் என்றேன். அங்கிருந்து ஃபோன் வரவில்லை. அதற்கடுத்த இடத்திலும் அதே கேள்வி, அதே பதில். அந்த வேலை கிடைத்தது. கிடைக்காமல் போயிருந்தால் மூன்றாவது இடத்திலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.