உறையை விட்டு வராத துப்பாக்கி

இது நடந்த விஷயம். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஆனால் வெர்னா டக்கெட் கதை கட்டுகிற ஆள் இல்லை. அவள் இதை என்னிடம் சொன்னது நல்ல பகல் வெளிச்சத்தில்தான். அப்படியும் நடுவில் இரண்டு தடவை எழுந்து போய்ப் பின்பக்கக் கதவைப் பார்த்துவிட்டு வந்தாள்.

அமெரிக்காவில், நெவாடா மாநிலத்தின் வடபகுதியில், எல்கோ ஊரைத் தாண்டி, வெர்னாவுக்கும் அவள் கணவன் லாய்டுக்கும் ஒரு மாட்டுப் பண்ணை இருக்கிறது. கைத்துப்பாக்கி என்றால் வெர்னாவுக்கு உயிர். ஞாயிறு தவறாமல் துப்பாக்கி சுடும் திடலுக்குப் போய்க் குறிபார்த்துச் சுடுவாள். தீவனக் கடை வேலைக்குப் போகும்போதும் இடுப்பு உறையில் ஒன்று இருக்கும். அந்தப் பக்கத்தில் அதை யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

போன இலையுதிர் காலத்தில், துப்பாக்கிச் சந்தையில் எம்மெட் ஸ்ட்ரவுட் என்ற கிழவரிடம் ஒரு பழைய ரிவால்வரை வாங்கினாள். மரப்பிடி போட்ட, கைக்கு அடக்கமான துப்பாக்கி. கொடுக்கும் முன் கிழவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

"வீட்ல யாரெல்லாம் இருக்கீங்க?"

"நானும் வீட்டுக்காரரும்தான். ஏன்?"

"சும்மா கேட்டேன்ம்மா."

அடுத்த ஞாயிறு திடலில் அதை முதன்முதலாகச் சுட்டாள். ஒரு குண்டும் இலக்கில் படவில்லை. எல்லாம் கீழே மண்ணுக்குள் போயின.

"என்னடி, எலி வேட்டையா?" சிநேகிதி கோரலீ விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு தானே வாங்கிச் சுட்டாள். எல்லாம் நட்டநடுவில். "துப்பாக்கி தங்கமா இருக்கு. உன் கையிலதான் கோளாறு."

வெர்னா மறுபடி நீட்டினாள். யாரோ குழலைக் கீழே அழுத்துவது போல இருந்தது... அதை அவள் கோரலீயிடம் சொல்லவில்லை.

அன்று மாலை சமையலறை மேஜையில் வைத்துச் சுத்தம் செய்தாள். தோட்டா எதுவும் இல்லை என்று பார்த்தாள். குழலுக்குள் தூரிகை விட்டுக் கரியை எடுத்தாள். எண்ணெய்த் துணியால் பளபளவென்று துடைத்தாள். அடுப்பில் காபி பொங்கியது. எழுந்து போய் இறக்கி வைத்துவிட்டுத் திரும்பினாள்.

துடைத்த இரும்பின் மேல் நான்கு விரல் தடங்கள். ஒல்லியான, நீளமான விரல்கள். வெர்னாவுக்கோ பண்ணை வேலை செய்து தடித்த விரல்கள்.

"லாய்ட், இதைத் தொட்டியா?"

"உன் பொம்மையைத் தொட்டா நீ என்னைக் கொன்னுடுவியே!" பக்கத்து அறையிலிருந்து லாய்ட் சிரித்தான்.

சில நாள் கழித்து, அந்த ரிவால்வரை இடுப்பில் மாட்டிக்கொண்டு தீவனக் கடையில் நின்றிருந்தாள். வாடிக்கையாளர் யாரும் இல்லை. பழக்க தோஷத்தில் கை துப்பாக்கிப் பிடியின் மேல் இருந்தது. அந்தக் கையின் மேல் இன்னொரு கை வந்து படிந்தது. ஜில்லென்று.

திரும்பினாள். யாரும் இல்லை.

டிசம்பர் வந்தது. அந்தச் சுற்று வட்டாரத்தில் பண்ணை வீடுகளை உடைத்துத் திருட ஆரம்பித்திருந்தார்கள். பக்கத்துப் பண்ணைக்காரரை அடித்துப் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். லாய்ட் மாடுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு பக்கத்து மாநிலமான ஐடஹோவுக்குப் போயிருந்தான். நாளைதான் வருவதாகச் சொல்லியிருந்தான். மாலை நாலரை மணி. வெளியே பனிப்புயல். மின்சாரம் போனது. போனிலும் சிக்னல் இல்லை.

பின்பக்கக் கதவில் சத்தம்.

டக்... டக்...

"யாரது?"

பதில் இல்லை. கரகரவென்று ஏதோ மூச்சுச் சத்தம் மட்டும்.

"என்கிட்ட துப்பாக்கி இருக்கு! யாருன்னு சொல்லு!"

கிரீச்...

கதவு இடுக்கில் இரும்புக் கம்பி நுழைந்தது. கதவு பிளந்தது.

உயரமான ஆள். முகம் முழுக்கத் துணி. முன்பின் பார்க்காத கோட்டு. கையில் கம்பி.

வெர்னாவின் கை அந்த ரிவால்வர் இருந்த உறைக்குப் போனது.

இழுத்தாள்.

வரவில்லை.

மணிக்கட்டை ஒரு கை பிடித்திருந்தது.

இன்னும் இழுத்தாள். அது இன்னும் இறுக்கியது... எலும்பு வலித்தது...

அந்த ஆள் முகத்துணியை இறக்கினான்.

லாய்ட்.

பிடி விட்டது. துப்பாக்கி வழுக்கிக்கொண்டு கையோடு வந்தது. அவள் அதைத் தரையில் போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

லாய்டுக்குக் குளிரில் தொண்டை கட்டி, குரலே எழும்பவில்லை. வேலை சீக்கிரம் முடிந்து அன்றே திரும்பியவன், லாரி பள்ளத்தில் இறங்கியதில் பனியில் நனைந்து, வழியில் யாரோ கொடுத்த கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறான். கதவு பனியில் உறைந்து போனதால் கம்பியால் நெம்பியிருக்கிறான்.

வெர்னாவின் மணிக்கட்டில் நீலம் பாரித்து நான்கு கோடுகள்.

மறுநாள் சந்தை நடத்துகிறவரிடம் எண் வாங்கி எம்மெட்டுக்குப் போன் செய்தாள். நடந்ததைச் சொன்னாள்.



"என் சம்சாரம் லூசில்," என்றார் கிழவர். "திருடன்னு நெனச்சு நான்தான் சுட்டுட்டேன். இதே துப்பாக்கிதான்."

வெர்னாவுக்கு அழுகை வந்துவிட்டது. "அவங்கதான் என் புருஷனைக் காப்பாத்தியிருக்காங்க. அது அவங்க கைதான்..."

"இல்லம்மா. அது லூசில் கை இல்ல."

"எப்படிச் சொல்றீங்க?"

"அன்னைக்கு அவ கதவுகிட்ட உயிரோட நின்னுட்டிருந்தா. அப்பவே அந்தக் கை என்னையும் பிடிச்சுது..."

கிழவரின் குரல் உடைந்தது.

"நான் உதறிட்டேன்."