பறுவத்தில் வரும் விருந்து

மகள் ஒரு கொரியப் பையனைக் கட்டப்போவதாகச் சொன்னபோது நான் கத்தவில்லை. கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். பையன் இங்கே ஜெர்மனியில், டோர்ட்மண்டில் பிறந்து வளர்ந்தவன், என்னைக் கண்டால் இடுப்புவரை குனிபவன். குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை, அதுதான் எரிச்சல்.

சிக்கல் நாட்காட்டியில் இருந்தது. அவனுடைய தாய் எங்களைத் தங்கள் புதுவருஷ விருந்துக்குக் கூப்பிட்டார். அது சந்திரக் கணக்கு. தை அமாவாசையில் விழுந்தது. அமாவாசை என் அப்பாவுக்கான விரதம். வர ஏலாது என்று சொல்லி அனுப்பினேன். பிறகு சூசொக் என்ற அறுவடைப் பெருநாளுக்குக் கூப்பிட்டார். அது பறுவத்தில், முழுநிலா நாளில் வந்தது. பறுவம் அம்மாவுக்கான விரதம். அதற்கும் ஏலாது என்றேன். எங்கள் ஆட்கள் நாட்காட்டியைப் பார்த்தே விளங்கிக்கொள்வார்கள். காரணம் சொல்லும் பழக்கமே எனக்கு இல்லை.

மகள் அழுதுகொண்டு வந்தாள்.

"அப்பா, தங்களைப் பிடிக்கேல்லையோ எண்டு அவன்ர அம்மா கேக்கிறா. அப்பிடியெண்டால் கலியாணத்தை விடுவமாம்."

நான் நாட்காட்டியை எடுத்துப் புரட்டினேன்.

"அவையின்ர பெருநாள் எல்லாம் என்ர விரதத்திலதான் வருமோ? சூரியக் கணக்கில ஒண்டும் இல்லையோ?"

"இருக்கப்பா. ஜனவரி முதலாம் திகதி, மே மாதத்தில பிள்ளைகள் தினம். ஆனா குடும்பமாக் கூடிச் சாப்பிடுறது இந்த ரெண்டுக்கும்தான்."

உடனே அந்த அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்து, ஜெர்மனில் எல்லாவற்றையும் கொட்டினேன். அமாவாசை, அப்பா, பறுவம், அம்மா, ஒரு நேரச் சாப்பாடு, மச்சம் மாமிசம் இல்லை.

"அப்படியானால் கட்டாயம் வாருங்கள்" என்றார்.

பறுவத்தன்று இங்கே வேலைநாள். நானும் மகளும் உர்லாப் என்கிற லீவு எடுத்துக்கொண்டு எங்கள் ஊரான ஹம்மிலிருந்து டோர்ட்மண்டுக்கு ரயில் ஏறினோம்.

மேசையில் இறைச்சியும் இல்லை, மீனும் இல்லை. மரக்கறிகள், பேரிக்காய், உள்ளே எள்ளும் சீனியும் வைத்து அவித்த அரிசிமாப் பலகாரம். எங்கள் கொழுக்கட்டைக்குத் தங்கச்சி மாதிரி இருந்தது. மேசைத் தலைப்பில் பையனுடைய அம்மம்மாவின் படம், அதன்முன் ஒரு கிண்ணம் சோறு. அவர்களும் செத்தவர்களுக்குப் படைத்துவிட்டுத்தான் கைவைப்பார்களாம். இதற்காகவா இவ்வளவு காலமும் ஓடி ஒளிந்தேன்? அப்பாடா என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

"உங்கள் அம்மாவின் படம் இருக்கிறதா?" என்று பையனின் தாய் கேட்டார்.

கைத்தொலைபேசியில் இருந்தது. அதை வாங்கித் தன் தாயின் படத்துக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்து, இன்னொரு கிண்ணத்தில் சோறு போட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. எல்லோரும் குனிந்தோம், நான் கைகூப்பினேன்.

சாப்பிடும்போது அவர் தன் மகனையும் என் மகளையும் பார்த்து, என்னைக் கைகாட்டிச் சொன்னார்.

"எங்கள் காலத்துக்குப் பிறகு உங்களுக்குச் சுகம். எங்கள் புதுவருஷமும் இவருடைய அமாவாசையும் ஒரே நாள்தானே, எனக்கும் இவருக்கும் சேர்த்துப் படைக்க ஒருநாள் உர்லாப் போதும்."

"ஓம்" என்றேன், தமிழிலேயே.