பட்டியில் விரித்த கொடி

ஐப்பசி பதினான்கு, வியாழக்கிழமை. முற்பகலில் உடல் கோயம்புத்தூர் விமான நிலையத்தை வந்தடைந்தது. வீடு எல்லை தாண்டிக் கேரளப் பக்கம்; அந்த அரசின் சார்பில் மாலையிட வேண்டியவர்கள் எல்லையில் காத்திருந்தமையால், ஊர்தி வேலந்தாவளம் வழியாக நேரே வராமல் வாளையார் சுற்றி வந்தது. சோதனைச்சாவடியில் சிமெண்டு லாரிகளை ஓரம் நிறுத்தி வழிவிட்டார்கள். நண்பகலுக்குப் பின் உடல் வீட்டு வாசலில் இறக்கப்பட்டது. இறந்தவர் ராணுவத்தில் கேப்டன், மணமாகாதவர், வடக்கு எல்லையில் பணியிலிருந்தபோது இறந்தார். மழை தூறியது. எரியூட்டுவதற்கு முன், பெட்டியின் மேலிருந்த தேசியக் கொடி அகற்றப்பட்டு, மடிக்கப்பட்டு, தந்தையிடம் ஒப்படைக்கப்பட்டது. தாய் முன்பே காலமாகிவிட்டபடியால் பெற்றுக்கொள்ள வேறு எவரும் இல்லை.

அந்தத் தந்தை நான்.

காரியங்கள் முடிந்து உறவினர் கலைந்துகொண்டிருந்தபோது பெரியப்பாவின் மகன் என் அருகே வந்து அமர்ந்தான். என்னைவிட இளையவன், அந்த நாட்களில் எல்லா ஏற்பாடுகளுக்கும் அலைந்தவன். கூடத்து மேசைமேல் இருந்த கொடியை அவன் பார்த்த விதத்திலிருந்தே எதற்கு வந்திருக்கிறான் என்று தெரிந்தது.

“ஏனுங்ண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க. மேல போத்துன துணிய ஊட்டுக்குள்ள வெக்கறதில்லீங்களே. பள்ளிக்கூடத்துல கேக்கறாங்க. கண்ணாடிப் பொட்டி செஞ்சு, பேரெழுதி, மருவாதியா வெச்சுக்குவாங்க.”

“பாக்கலாம் தம்பி” என்றேன்.

அவன் சொன்னதில் பிழை இல்லை. எங்கள் பகுதியில் பிணத்தின்மேல் போர்த்திய துணி சுடுகாட்டோடு போய்விட வேண்டும். வீட்டு வாசலை மீண்டும் தாண்டக் கூடாது. ஆயினும் ஏறத்தாழ இதே சொற்களை, இதே கவலையோடு, அவனுடைய தந்தை சொல்லி நான் முன்பு ஒருமுறை கேட்டிருக்கிறேன். அப்போது எனக்குப் பத்து வயது. அது வேறொரு நாட்டின் கொடி.

என் சித்தப்பா பட்டாளத்தில் இருந்தார். எழுபத்தொன்றாம் ஆண்டுப் போரில் மேற்கு எல்லையில் சண்டையிட்டவர். போர் விரைவிலேயே முடிந்துவிட்டதாக வானொலி சொன்னது. ஆனால் கைப்பற்றிய நிலத்தைக் காத்துக்கொண்டு அவருடைய படைப்பிரிவு அங்கேயே கிடந்தது. ஒரு பொங்கல் அவர் இல்லாமல் போய், மறு பொங்கலுக்குத்தான் வந்தார். மெலிந்திருந்தார். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார். நாங்கள் அதைப் பயணக் களைப்பு என்று எடுத்துக்கொண்டோம். ஒரு வாரம் ஆகியும் களைப்பு என்றே சொல்லிக்கொண்டிருந்தோம்.

அவருடைய கறுப்பு இரும்புப் பெட்டியின்மீது வீட்டு ஆண்கள் அனைவருக்கும் ஒரு கண் இருந்தது. பட்டாளத்திலிருந்து வருகிறவன் பெட்டியில் ரம் இருக்கும் என்பது அக்காலத்தில் வேலந்தாவளம் சந்தைக்கு மாடு ஓட்டிவருகிறவர்களுக்குக்கூடத் தெரிந்த செய்தி. பொங்கலன்று, சித்தப்பா கிணற்றடிக்குப் போயிருந்த நேரத்தில், பெரியப்பா அப்பாவின் முன்னிலையில் அதைத் திறந்தார். பெரியப்பா பாகம் பிரிந்து அடுத்த தோட்டத்தில் இருந்தார். தம்பியின் பெட்டியைத் திறக்கும் உரிமை மட்டும் பாகம் பிரியவில்லை என்று கருதினார்.

பாட்டில் இல்லை. சீருடைகளுக்கு அடியில், காகிதத்தில் சுற்றிய ஒரு பச்சைத் துணி இருந்தது. விரித்தார்கள். ஓரத்தில் வெள்ளைப் பட்டை. பச்சையில் பிறையும் நட்சத்திரமும். ஒரு மூலையில், எங்களில் எவருக்கும் படிக்கத் தெரியாத எழுத்தில், ஏதோ ஒரு படைப்பிரிவின் அடையாளம் தைக்கப்பட்டிருந்தது.

சித்தப்பா ஈரத் தலையோடு வாசலில் வந்து நின்றார்.

“என்றா தம்பி இது?” என்றார் அப்பா. “பாகிஸ்தான்காரன் கொடியா?”

“ஆமாங்ண்ணா.”

“புடிச்சுட்டு வந்தயா?”

“எடுத்துட்டு வந்தனுங்க.”

“ஒரு நாட்டையே சுருட்டிப் பொட்டிக்குள்ள வெச்சிருக்கறயே, ஒரு பாட்டிலுக்கு எடமில்லாமப் போச்சா?” என்றார் பெரியப்பா. பிறகு துணியை விரல்களுக்கிடையே உரசிப் பார்த்தார். “நல்ல கெட்டித் துணி. தெச்சா ரெண்டு தலகாணி ஒறை ஆகும் போ.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை. அவருக்கு ஒரு யோசனை தோன்றிவிட்டது.

மறுநாள் பட்டிப் பொங்கல். எங்கள் பக்கத்தில் அன்று மாலை மாட்டுப் பட்டிக்குள் சாணத்தாலும் களிமண்ணாலும் சிறு வரப்புக் கட்டித் தெப்பக்குளம் அமைப்பார்கள். நீர் நிறைத்து, ஆவாரம்பூப் போட்டு, பூசை முடிந்ததும், குளித்துக் கொம்பு சீவி நிற்கும் மாட்டை அதற்குள் இறக்கி மிதிக்க விடுவார்கள். பிள்ளைகள் தட்டை அடித்துக்கொண்டு பட்டியைச் சுற்றி வருவார்கள். அந்தக் குளத்தின்மேல் அவ்வாண்டு கொடியை விரிப்பது என்று அப்பா முடிவு செய்தார்.

“நம்ம மயிலைக் காளை மிதிக்கட்டும்” என்றார். “ஊரே பாக்கட்டும்.”

“வேண்டாமுங்ண்ணா” என்றார் சித்தப்பா.

“ஏன்?”

“மடிச்சு வெச்சர்லாமுங்க.”

“சண்ட போட்டவனுக்கு இல்லாத ரோசம் எனக்கு எதுக்குங்கறயா?”

மூத்தவர் இருவர் இருக்கும் இடத்தில் இளையவன் அதற்கு மேலும் மறுப்பது எங்கள் வீட்டு வழக்கம் அல்ல.

பின்னாளில் நான் வரலாறு கற்பிப்பவனானேன். தோற்றவனின் கொடியைக் கொண்டுவந்து தன் கோயிலில், தன் அரண்மனையில், தன் படையின் உணவுக்கூடத்தில் தொங்கவிடாத அரசு அநேகமாக இல்லை. சிலர் அதைத் தலைகீழாக மாட்டுவார்கள்; சிலர் வெற்றி ஊர்வலத்தில் மண்ணில் இழுத்து வருவார்கள். வெளிநாட்டு நகரம் ஒன்றின் பழைய தேவாலயத்தில் அத்தகைய கொடிகளின் வரிசையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். துணி நைந்து, சிலந்தி வலைபோல் நூல் மட்டும் எஞ்சியிருந்தது. எந்தப் போர், கைப்பற்றிய படை எது என்று கீழே பலகையில் எழுதியிருந்தார்கள். அதுவரை அதைப் பிடித்திருந்தவன் யார் என்பதற்குப் பலகையில் இடம் இல்லை. வேலந்தாவளத்துக்குத் தெற்கே நான்கு வயல்களையும் ஒரு கிணற்றையும் ஆண்ட என் அப்பா, எந்த வரலாற்றையும் படிக்காமல், பேரரசர்கள் வந்து சேர்ந்த இடத்துக்குத் தாமாகவே வந்து சேர்ந்திருந்தார் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

பட்டிப் பொங்கலன்று வழக்கத்தைவிட இருமடங்கு கூட்டம். பக்கத்துத் தோட்டத்தார், பண்ணையாட்கள், சந்தைக்கு வந்து தங்கியிருந்த இரண்டு மாட்டுத் தரகர்கள். அம்மாவும் அத்தையும் பட்டிக்குள்ளேயே அடுப்பு மூட்டிச் சர்க்கரைப் பொங்கல் வைத்திருந்தார்கள். நெய் மணத்தது. பித்தளைத் தட்டும் குச்சியும் என் கையில். கொடி குளத்தின்மேல் விரிக்கப்பட்டு, நான்கு மூலைகளிலும் கல் வைக்கப்பட்டது. ஆவாரம்பூவை அதன்மேல் தூவ வேண்டுமா கூடாதா என்று அத்தைக்கு ஒரு குழப்பம் வந்தது, ஓரமாகத் தூவினார்.

காளை முதலில் மறுத்தது. விரித்த துணியைக் கண்டால் எந்த மாடும் மிரளும்.

“காளைக்குத் தெரீது பாரு, வேத்து நாட்டு மண்ணுன்னு” என்றார் பெரியப்பா. “பாஸ்போட்டுக் கேக்குது!”

சிரிப்புக்கு நடுவே அப்பா கயிற்றை இழுத்தார். முன்னங்கால் இரண்டும் இறங்கின. துணி கிழியும் ஓசை கேட்டது. பிறையின் மேலாகச் சாணநீர் ஊறி வந்தது. “பொங்கலோ பொங்கல்” என்று கூட்டம் கத்தியது. நான் தட்டை உடைப்பதுபோல் அடித்தேன்.

கிணற்றடியில் தனியே நின்றிருந்த சித்தப்பா, எப்போது உள்ளே வந்தார் என்று தெரியவில்லை. அப்பாவின் கையிலிருந்த கயிற்றைப் பிடித்துக் காளையைப் பின்னே தள்ளினார். குனிந்து, கற்களை ஒவ்வொன்றாக அகற்றினார்.

“உடுறா கயித்தை” என்றார் அப்பா.

“அண்ணா, அது கம்பத்துல பறந்ததில்லீங்க.” குரல் உயரவில்லை, அருகில் நின்ற அத்தைக்கும் எனக்குமே மெல்லத்தான் கேட்டது. “செத்துக் கெடந்தவன் மேல போத்தியிருந்துது. அவிங்காளுக போத்தி வெச்சுட்டுப் போயிருந்தாங்க. நாந்தான் உருவுனேன்.”

முதலில் பேசியது அத்தை.

“பொணத்து மேல கெடந்த துணியா? பட்டிக்குள்ளயா?”

அதற்குப் பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். பூசைப் பாத்திரங்களைத் தொட்டவர் யார்? துணியை விரித்த கையோடு பொங்கல் பானையைத் தொட்டார்களா? கன்றுகளும் உள்ளேதான் நின்றனவா? துணி எத்தனை நாளாக வீட்டுக்குள் இருந்தது? பூசை அறைக்கு எந்தப் பக்கம்? “அது எந்தச் சாதிப் பொணமோ என்னமோ” என்று அத்தை அழுதார். மேல் போர்த்திய துணியை வீட்டுக்குள் வைக்கக் கூடாது என்பது சின்னக் குழந்தைக்கும் தெரியுமே என்று பெரியப்பா திரும்பத் திரும்பச் சொன்னார். துணியை உரசிப் பார்த்த விரல்களை வேட்டியில் துடைத்துக்கொண்டே சொன்னார். தரகர்கள் இருவரும் செருப்பைத் தேடினார்கள்.

அப்பா ஒன்றுதான் சொன்னார். “நேத்தே சொல்றதுக்கு என்ன?”

“சொல்ல வாய் வரலீங்க” என்றார் சித்தப்பா.

பொங்கலை வாய்க்காலில் கொட்டினார்கள். அம்மா இரு கைகளாலும் பானையைத் தலைகீழாகக் கவிழ்த்ததை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். முந்திரி ஒவ்வொன்றாக மிதந்து போயிற்று. காளையை மீண்டும் குளிப்பாட்டினார்கள். பட்டி முழுவதும் மஞ்சள் நீர் தெளித்தார்கள். சித்தப்பாவைத் தொட்டியடியில் நிறுத்தி அம்மா தலையில் தண்ணீர் ஊற்றினார். அம்மா சொன்னபடியெல்லாம் அவர் செய்தார். நின்றார், திரும்பினார், குனிந்தார். கையிலெடுத்த துணியை மட்டும் கீழே வைக்கவில்லை.

எல்லோரும் போன பிறகு அதை அலசத் தொடங்கினார். கசக்கவில்லை, பிள்ளைத் துணியை அலசுவதுபோல் நீருக்குள் அசைத்துக்கொண்டிருந்தார். நான் சற்றுத் தள்ளி, தட்டோடு நின்றேன். அவர்மேல் எனக்கு அடக்க முடியாத கோபம்.

“அப்புனு, இந்த முனையப் புடி சாமி. பிழியோணும்.”

“அது எதிரி கொடிதானுங்களே சித்தப்பா?”

“இப்ப ஈரத் துணி. மண்ணுல படாமப் புடி.”

பிடித்தேன். அவர் ஒரு பக்கம் முறுக்க, நான் மறுபக்கம் முறுக்கினேன். பழுப்பு நீர் வழிந்தது. பிறகு தெளிந்த நீர் வழிந்தது. நீர் நின்ற பிறகும் அவர் முறுக்கிக்கொண்டே இருந்தார். எனக்குக் கை வலித்தது.

மறுநாள் முதல் பேருந்தில் போய்விட்டார். விடுப்பு இன்னும் மிச்சம் இருந்தது. அப்பா வழியனுப்ப எழவில்லை. அதன்பின் அவர் எங்கள் வீட்டுப் பொங்கலுக்கு வந்ததில்லை. அப்பாவின் சாவுக்கு வந்தபோதும் வாசலோடு நின்று திரும்பினார். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றபின் தெற்கே மலையேறிக் காந்தலூரில் சிறிது நிலம் வாங்கிப் பூண்டும் முட்டைக்கோசும் பயிரிட்டார். மணம் செய்துகொள்ளவில்லை. கல்லூரி விடுமுறைகளில் நான் அவரைப் பார்க்கப் போவேன். பூண்டுக்கு எந்தப் பனி நல்லது, எந்தப் பனி ஆகாது என்பதைப் பற்றிப் பேசுவார். சில தடவை என் மகனையும் அழைத்துப் போயிருக்கிறேன். மகன் அவரிடம் துப்பாக்கியைப் பற்றிக் கேட்பான். அவர் அவனுக்குக் கேரட் பிடுங்கிக் கொடுப்பார். அவன் ராணுவத்தில் சேரப் போவதாகச் சொன்னபோது, வாழ்த்தவும் இல்லை, தடுக்கவும் இல்லை. “குளுருக்குச் சொட்டரு நல்லதா வாங்கிக்கச் சொல்லு” என்றார். மறு ஆண்டு இறந்தார். இரும்புப் பெட்டி என்னிடம் வந்தது.

கொடி அதற்குள் இருந்தது. சலவை மணத்தோடு, மடிப்புக் கலையாமல். காளையின் குளம்பு கிழித்த இடத்தை, சட்டைப் பொத்தான் தைக்கப் பட்டாளத்தில் தரும் ஊசிநூல் கொண்டு, இழையோடு இழை சேர்த்துத் தைத்திருந்தார். பச்சை நூல் கிடைக்கவில்லை போலும்; வெள்ளை நூல். ஆகவே கிழிசல் நன்றாகத் தெரிகிறது.

அன்று பட்டியில் நின்ற சிறுவனுக்குத் தன் சித்தப்பா பொங்கலைக் கெடுத்தார் என்பது மட்டுமே விளங்கியது. போரைப் பற்றி அவர் தம் வாழ்நாளில் சொன்ன மொத்தமும் அந்த மூன்று நான்கு வாக்கியங்கள்தாம் என்பது விளங்கவில்லை. பெரியவர்கள் கேட்ட கேள்விகள் அத்தனையும் துணியைப் பற்றியவை. துணிக்கு அடியில் கிடந்தவனைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை என்பதும் விளங்கவில்லை. அவனுக்கும் ஓர் ஊர் இருந்திருக்கும். அந்த ஊரின் ஏதோ ஒரு வாசலுக்கு, மேலே எதுவும் போர்த்தாமல், ஒரு செய்தி மட்டும் போய்ச் சேர்ந்திருக்கும். என் வாசலுக்குப் போர்த்திக் கொண்டுவந்தார்கள். இவ்வளவுதான் வேறுபாடு என்பதை அறிய எனக்கு இத்தனை காலமும், ஒரு மகனும் தேவைப்பட்டிருக்கிறது.

இப்போது இரண்டு கொடிகளும் இதே கூடத்தில் இருக்கின்றன.

செய்யாமல் நிற்பவை:

பள்ளிக்கூடத்துக்குப் பதில் சொல்வது.

மகனின் கொடியை ஒருமுறை பிரித்து உலர்த்துவது. மழையில் நனைந்ததை அப்படியே மடித்துத் தந்துவிட்டார்கள்.

படைப்பிரிவிலிருந்து வந்த அவனுடைய பெட்டியைத் திறப்பது.

பச்சைக் கொடியின் மூலையில் உள்ள எழுத்தை, படிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டுவது. அதைத் திருப்பி அனுப்ப வழி உண்டா என்று விசாரிப்பது.

கொடியை உருவிய பிறகு அவனை எதைக் கொண்டு மூடினீர்கள் என்று சித்தப்பாவிடம் கேட்பது.