கேசரிக்குப் பின் சிவப்பு ஒயின்

எங்கள் வீட்டில் ஒயின் என்றால் சர்ச் பூசையில் சாமியார் குடிப்பது. அதை ஊற்றிக் கொடுப்பது ஒரு உத்தியோகம் என்று சதுரங்கப்பட்டினத்தில் இருக்கும் என் அப்பாவுக்கு இன்றுவரை விளங்கவில்லை. யாராவது கேட்டால் "பொண்ணு ஓட்டல்ல கேஷியர்" என்று முடித்துவிடுவார். நான் மாமல்லபுரம் பக்கம் ஒரு ரிசார்ட்டில் சொமலியே. எந்தச் சாப்பாட்டுக்கு எந்த ஒயின் என்று சொல்லி, ஊற்றி, நல்ல பெயரை மட்டும் செஃபுக்கு விட்டுக்கொடுக்கும் ஆள். புதிதாக வருகிறவர்கள் துவர்ப்புக்கு டேனின், புளிப்புக்கு ஆசிட், கனத்துக்கு பாடி என்று மனப்பாடம் செய்கிறார்கள். செய்யுங்கள், வேண்டியதுதான். கூடவே வசந்தா டீச்சரின் டேபிளையும் தெரிந்துகொள்ளுங்கள்.

வசந்தா டீச்சர் கல்பாக்கம் டவுன்ஷிப்பில் கணக்குப் பாடம் எடுத்தவர். ஒரே மகள் நித்யாவுக்கு பிரான்ஸில் வேலை. அங்கே ஒரு பையனைப் பிடித்துப்போய்விட்டது. பையனின் அப்பா மார்செல், சொந்தத் தோட்டத்துத் திராட்சையில் ஒயின் செய்கிறவர். டீச்சர் இன்னும் சம்மதிக்கவில்லை. "ஆளுங்களைப் பார்த்துட்டுச் சொல்றேன்" என்று நிறுத்தி வைத்திருந்தார். பார்க்கிற இடம் எங்கள் ரெஸ்டாரண்ட். நித்யா முதல் நாளே போன் செய்து, "அக்கா, இந்த டின்னர்லதான் எல்லாம் இருக்கு" என்றாள்.

மகனோடு வந்த மார்செல், தன் கையால் செய்த சிவப்பு ஒயினில் இரண்டு பாட்டில் கொண்டுவந்தார். டீச்சர் தன் கையால் கிண்டிய கேசரியை டிபன் பாக்ஸில் கொண்டுவந்தார். வெளியிலிருந்து சாப்பாடு கொண்டுவரக் கூடாது என்று எங்கள் வாசலில் போர்டு இருக்கிறது. அதை டீச்சரிடம் காட்டும் தைரியம் மேனேஜருக்கும் இல்லை, எனக்கும் இல்லை.

சிவப்பு ஒயினை ரூம் டெம்பரேச்சரில் வை என்று புத்தகத்தில் இருக்கும். அந்த ரூம் நம் ஊர் ரூம் இல்லை. பாட்டிலைக் கொஞ்ச நேரம் ஐஸில் வைத்துத் திறந்து, ருசி பார்த்தேன். அருமையான ஒயின். வாழை இலையும் போட்டாயிற்று. கேசரியைக் கடைசியில் வைக்கலாமா என்று டீச்சரிடம் மெல்லக் கேட்டேன்.

"ஏம்மா, இலையில முதல்ல இனிப்புதானே வைப்பாங்க? நல்ல காரியம் பேச வந்திருக்கோம். ஊறுகாயில ஆரம்பிக்கச் சொல்றியா?"

எங்கள் வீட்டிலும் அப்படித்தான். ஒயின் புத்தகம் எழுதியவர்கள் யாரும் இலையில் சாப்பிட்டவர்கள் இல்லை. அவர்களுக்கு இனிப்பு கடைசியில் வரும், அதைவிட இனிப்பான டெசர்ட் ஒயினும் கூட வரும். இனிப்பு தின்ற நாக்கில் சிவப்பு ஒயின் பட்டால் பழ ருசி ஓடிவிடும். புளிப்பும் துவர்ப்பும்தான் மிஞ்சும்.

மார்செல் மரியாதை தெரிந்தவர். வைத்த கேசரியை வழித்துச் சாப்பிட்டார். மறுபடி வைத்ததையும் சாப்பிட்டார். பிறகு கிளாஸைச் சுழற்றி, முகர்ந்து, ஒரு வாய் குடித்தார். முகம் சுண்டிவிட்டது. இன்னொரு வாய் குடித்துவிட்டு கிளாஸைத் தள்ளி வைத்தார்.

"வழியில வெயில்ல ஒயின் கெட்டுப்போச்சாம். யாருக்கும் ஊத்த வேணாங்கிறார்" என்று நித்யா சொன்னாள். டீச்சர் புருவத்தைத் தூக்கினார். பெண் கேட்க வருகிறவர் கெட்டுப்போனதையா தூக்கிக்கொண்டு வருவார் என்று அந்தப் புருவம் கேட்டது.

சர்வர்களை மேய்க்கும் கேப்டன் பாபு என் காதருகே வந்தான். "இன்னாக்கா, மேட்டர் புட்டுகிச்சா?"

"ஒயின் நல்லாத்தான் கீது. கேசரி பண்ண வேலைடா."

"அப்ப சொல்லிடேன்!"

சொல்லலாம். ஒயின் மேல் தப்பில்லை என்றால் தப்பு கேசரி மேல். மாப்பிள்ளை வீட்டார் முன்னால் டீச்சரின் கேசரியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு அப்புறம் எந்தச் சம்மதத்தை எதிர்பார்ப்பது? சொல்லாவிட்டால் ஒரு மனிதர் தன் உழைப்பு வீணாகிவிட்டது என்று நம்பிக்கொண்டே ஊர் திரும்புவார்.

கிச்சனுக்கு ஓடி, காரம் குறைத்து உப்பு தூக்கலாக மட்டன் சுக்கா வாங்கி வந்தேன். கூடவே எலுமிச்சை மூடிகள். உப்பும் புளிப்பும் சேர்ந்தால் நாக்கு வழிக்கு வரும், ஒயினின் துவர்ப்பும் அடங்கும். தட்டை டீச்சரிடம் நீட்டினேன்.

"டீச்சர், நீங்களே வச்சா நல்லாருக்கும். எலுமிச்சம்பழத்தைத் தாராளமா பிழிஞ்சு விடுங்க."

பிழிந்தார். மார்செல் நாலைந்து துண்டு சாப்பிட்டதும், இன்னும் ஒரே ஒரு வாய் குடிக்கச் சொல்லும்படி நித்யாவிடம் கெஞ்சினேன். மனசில்லாமல் கிளாஸை எடுத்தார். குடித்தார். கிளாஸை விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்தார். மறுபடி குடித்துவிட்டு மகன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

கணக்கு டீச்சர் சும்மா இருப்பாரா? கேசரி, ஒயின், மட்டன், ஒயின் என்று இலை ஓரத்தில் விரலால் வரிசை போட்டுப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஏம்மா, என் கேசரிதானே?"

"ஆமாம் டீச்சர்."

"அப்பவே சொல்றதுக்கென்ன?"

"பாதியில எழுந்துடுவீங்களோன்னு பயம் டீச்சர்."

சிரித்துவிட்டார். "அவர் ஒயின் மேல தப்பில்ல, என் கேசரிதான் வில்லன்னு சொல்லுடி" என்று மகளிடம் சொன்னார். மார்செல் கேட்டுவிட்டு, இன்னும் கொஞ்சம் வில்லன் கிடைக்குமா என்றார்.

எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. எங்கள் ஸ்டாக்கிலேயே இனிப்பான டெசர்ட் ஒயினைத் திறந்து கேசரிக்கு ஜோடியாக ஊற்றினேன். டீச்சர் போட்டிருந்த சர்க்கரைக்கு முன்னால் அதுவும் புளித்து எலுமிச்சை ஜூஸாகிவிட்டது. கிளாஸை எடுத்துக்கொண்டு போனேன். அன்று கற்றது இதுதான்: ஒயின் லிஸ்டைத் திறப்பதற்கு முன்னால் அந்த வீட்டு இலை எப்படி ஆரம்பிக்கும் என்று கேளுங்கள். ஊற்றாமல் நிற்பதும் இந்த வேலையில் சேர்த்திதான்.

இலையை மூடியபடி டீச்சர் மகளைப் பார்த்தார். "கல்யாணத்துக்கு அந்த ஒயினையே கொண்டுவரச் சொல்லு. ஆனா முதல்ல கேசரிதான். நடுவுல மட்டன் போட்டுக்கலாம்."

'கல்யாணத்துக்கு' என்ற முதல் வார்த்தையிலேயே நித்யாவுக்கு அழுகை வந்துவிட்டது. மீதியைப் பையனுக்கு நான்தான் இங்கிலீஷில் சொல்ல வேண்டியிருந்தது.