வடைப் பெட்டிக்குள் ஒரு கணினி

கணினிக்குத் தாங்களே கூடு செய்கிறவர்களின் வீடியோக்களை ஒரு மழைக்காலம் முழுக்கப் பார்த்தேன். ஒருவர் மீன் தொட்டிக்குள் செய்கிறார், ஒருவர் பழைய சூட்கேசுக்குள். எல்லாருக்கும் வீட்டோடு ஒரு பெரிய கராஜ் இருக்கிறது. எனக்கு இருந்தது கட்டுகஸ்தோட்டையில் அப்பாவின் சாப்பாட்டுக் கடைப் பின்பக்கம். அங்கேதான் பழைய வடைப் பெட்டி ஓய்வில் கிடந்தது. மூன்று பக்கம் கண்ணாடி, அலுமினியச் சட்டம், பின்னால் இழுத்து மூடும் பலகைக் கதவு. இதைவிட அழகான கூடு உலகத்தில் இல்லை என்று முடிவு செய்தேன்.

சவர்க்காரம் போட்டு நாலு தடவை கழுவினேன். மதர்போர்டை மேல் தட்டில், வடை இருந்த இடத்தில் பொருத்தினேன். ரோல்ஸ் இருந்த இடத்தில் பவர் சப்ளை. நீல விளக்குகளும் போட்டேன். ஈ வராதா என்று மட்டும் அப்பா கேட்டார். சூடு வெளியே போகக் கூடாது என்பதற்காகவே செய்த பெட்டிக்குள், சூடு வெளியே போனால்தான் பிழைக்கும் இயந்திரத்தை வைத்திருக்கிறேன் என்பது கடைசி ஆணியை முறுக்கிய பிறகே உறைத்தது. உயர்தரப் பரீட்சையில் பௌதிகவியலுக்கு ஏ எடுத்தவள் நான். பின்கதவைத் திறந்து வைத்தால் சமாளிக்கும். மூடினால் கொஞ்ச நேரத்தில் உளுந்து வடை வாசம் வரும், பிறகு தானாக அணைந்துவிடும்.

இதற்கிடையே மாமா எனக்குப் பல்லேகலையில் தான் வேலை செய்யும் ஆடைத் தொழிற்சாலையில், ஸ்டோர்ஸில் ஓரிடம் பேசி முடித்திருந்தார். திங்கட்கிழமை வரச் சொல்லிவிட்டார்கள். எனக்கு அங்கே போக விருப்பமில்லை. வீட்டிலிருந்தே செய்யும் வடிவமைப்பு வேலை ஒன்றுக்குக் கொழும்புக் கம்பனி ஒன்றில் விண்ணப்பித்திருந்தேன். அவர்கள் வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு வீடியோவில் வரச் சொன்னார்கள். கேள்வி கேட்பார்கள், பிறகு திரையைக் காட்டி அங்கேயே ஒன்று வரைய வேண்டும். வேறு நாள் தர மாட்டார்களாம்.

அந்த வெள்ளிக்கிழமை சரஸ்வதி பூசை.

குளித்துவிட்டு வந்து பார்த்தால், வடைப் பெட்டிக்கு மூன்று பக்கமும் சந்தனம், குங்குமம், மேலே செவ்வந்தி மாலை. கீபோர்டுக்கும் மவுசுக்கும் ஆளுக்கொரு பொட்டு. காலையில் நான் போட்டுவிட்டுப் போனபடியே கணினி ஓடிக்கொண்டிருந்தது.

"நாளைக்குக் காலை வரைக்கும் யாரும் கை வைக்கக் கூடாது," என்றார் அம்மா.

இது கம்பியூட்டர், கடைச் சாமான் இல்லை என்று வாதாடினேன். அம்மா அசையவில்லை. "அந்தப் பெட்டி வருசா வருசம் பூசைக்கு வச்ச பெட்டி. உனக்கு முந்தியே இந்த வீட்டுக்கு ஒழச்சது."

பதவி மூப்பில் நான் தோற்றேன். ஆனால் எரியும் விளக்கை அணைக்கச் சொல்லி எந்தப் பூசையிலும் இல்லை என்பதால், ஓடுகிற கணினி ஓடலாம் என்று ஒப்புக்கொண்டார். பார்க்கலாம், பேசலாம், தொடத்தான் கூடாது. அழைப்பைத் திறப்பது யார், வரைவது எதால்? என்னோடு படித்த மடவளை முஸ்லிம் தோழிக்குப் போன் அடித்தேன். பஸ் பிடித்து வந்தவள் கைப்பையிலிருந்து தன் மவுசை எடுத்து அம்மாவிடம் காட்டினாள்.

"இது எங்கட ஊட்டு மவுஸ், ஆன்ட்டி. இதுக்கு நீங்க பூச வெக்கல்ல தானே?"

அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பொட்டு இல்லை. சரி என்றார். அதன் வயரைக் கணினியில் செருகியதும் தோழிதான். அவள் கை எங்கள் பூசை விதிக்குள் வராதாம்.

மூன்று மணிக்குச் சரியாகப் பேட்டி தொடங்கியது. மறுபக்கத்தில் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர். மறந்தும் கீபோர்டைத் தொடக்கூடாதே என்று கைகளைக் கூப்பியபடியே பதில் சொன்னேன். கண்ணியமான பிள்ளை என்று நினைத்திருப்பார். பிறகு வரையச் சொன்னார். தோழியின் மவுசால் வரைந்துகொண்டிருந்தபோது வடை வாசம் வந்தது. அலங்காரம் கலையக் கூடாதென்று அம்மா சற்று முன் பின்கதவை இழுத்து மூடியிருந்தது அப்போதுதான் தெரிந்தது. மின்விசிறி அலறத் தொடங்கியது. இன்னும் கொஞ்ச நேரத்தில் எல்லாம் அணையும். கதவு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அம்மாவைப் பார்த்தேன். திரையில் பாதி வரைந்த படத்தைக் காட்டினேன்.

"மூடினா நின்னுருமா?" என்று மெல்லக் கேட்டார். தலையாட்டினேன். "அப்ப திங்கக்கெழம பல்லேகலயா?"

அதற்கும் தலையாட்டினேன்.

அம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தார். மாலையைத் தூக்கி வைத்தார், கதவை ஒரே இழுப்பில் திறந்தார், பேப்பர் ஒன்றை மடித்துப் பெட்டிக்குள் விசிறத் தொடங்கினார். கமராவில் வளையல் கை ஒன்று ஏறி இறங்கியது.

"பின்னால இருக்கிறது வடைப் பெட்டி தானே?" என்றார் யாழ்ப்பாணத்துக்காரர்.

ஆமாம் என்றேன்.

"ஓம், நினைச்சனான். நீங்கள் வரையுங்கோ. அம்மா களைக்க முதல் முடியுங்கோ."

அம்மா களைக்கவில்லை. வேலை கிடைத்துவிட்டதென்று மறுநாள் அழைப்பு வந்தது. விதியை மீறியது யாரென்று நான் அம்மாவிடம் கேட்கப் போக, பூசை செய்கிற கை சாமியைத் தொடாமல் பிறகு எப்படி அலங்காரம் செய்யும் என்று பதில் வந்தது.

திங்கட்கிழமை நான் செய்த முதல் வேலை, அந்தப் பின்கதவைக் கழற்றி எறிந்தது.